அஜிடேட்டர் மேல் ஆட்டுமந்தை

இன்று கொடைக்கானலில் ஐம்பதுகளின் அமெரிக்க வாஷிங் மெஷின் ஒன்றை வாங்கப் போனேன்.

மூடியைத் திறந்தால், நடுவில் நின்று துணியைப் புரட்டும் அஜிடேட்டரைக் காணோம். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் தொட்டி.

"அதுவா தம்பி? குடில்ல மலையா நிக்குது" என்றார் வீட்டுக்கார அக்கா.

உண்மைதான். கிறிஸ்துமஸ் குடிலில், உடம்பெல்லாம் பாசி, தலையில் ஒட்டிவைத்த களிமண் ஆடுகள். ஆனால் என்ன வடிவம்! நேரான மூன்று துடுப்புகள், அடியில் அகன்ற பாவாடை. இன்றைய மெஷின்களின் அடியில் சுழலும் பிளாஸ்டிக் தட்டெல்லாம் ஒரு வடிவமைப்பா?

"அக்கா, இது மலை இல்லை. பாருங்கள்!"

எனக்குப் பொறுமை கிடையாது. ஆடுகளோடு தூக்கி மெஷினில் மாட்டி, அமெரிக்க மெஷினுக்காகக் கொண்டுபோன 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை இணைத்து ஓடவிட்டேன்.

ஆடுகள் இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று. தெருவே வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தது.

"ஏலே, மேய்ப்பனையும் ஏத்துங்கடா!" என்றார் ஒருவர்.

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மெஷினு இனி விக்கிறதுக்கில்லங்க தம்பி. குடிலே இதுக்குள்ளதான். அந்தக் கரண்டுப் பெட்டிய மட்டும் ஜனவரி ஆறாந்தேதி மூவரசர் திருநாள் வரைக்கும் வச்சுட்டுப் போங்க."

வைத்துவிட்டு வந்தேன்.

பழைய மெஷின் வாங்கப் போகிறவர்களே, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன் ஓடும் என்று நிரூபிக்காதீர்கள். என்னைப்போல் நிரூபித்தவர்கள் வேறு யாராவது உண்டா?