சரஸ்வதிக்கு முன்னால் ஒரு பென்டிரைவ்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பும் பேக்கப்பும். குழம்பு அம்மாவின் பொறுப்பு, பேக்கப் என்னுடையது. பிராட்வேயில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் பில் போடுகிறவனுக்கு இந்தப் பந்தா தேவையா என்று என் மனைவி கேட்பாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தேன். வாரா வாரம் அதை மொத்தமாக ஒரு ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து வைப்பேன். மெஷின் படுத்துவிட்டால் அதை எழுப்பி, நகலைத் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு பென்டிரைவும் தயார் செய்திருந்தேன். மட்டாஞ்சேரியே தண்ணீரில் மூழ்கினாலும் நம் கம்ப்யூட்டர் பிழைத்துவிடும் என்று, வீட்டுக்குச் சாயா குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

உண்மையில் அந்தக் கம்ப்யூட்டரில் உழைத்தவள் என் மனைவி. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவள், அதில் உட்கார்ந்து தானாகவே படம் வரையக் கற்றுக்கொண்டாள். குழந்தைகள் புத்தகத்துக்கான படங்கள், வருஷக்கணக்கில் வரைந்தவை. அவற்றை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்கு வரும்படி காக்கநாட்டில் ஒரு கம்பெனி அழைத்தது. விஜயதசமி அன்று காலையில். வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செய்கிற கம்பெனிக்கு விஜயதசமி எங்கே தெரியப்போகிறது.

என் அம்மாவுக்குத் தெரியும். இந்தப் பக்கத்து வழக்கப்படி அஷ்டமி மாலையில் புத்தகங்களையும் வேலைக் கருவிகளையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பூஜைக்கு வைத்தால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. அப்பா நகராட்சியில் இருந்த காலத்தில் அந்த இடத்தில் மண்வெட்டி இருந்தது. இந்த முறை அம்மா தட்டோடு என் மேஜைக்கு வந்தாள். கம்ப்யூட்டரைத் தூக்கிவர முடியாது என்றேன்.

"அதை எதுக்குடா தூக்கணும். அதுக்குப் பதிலா இந்தக் குஞ்ஞு சாதனம் ரெண்டும் மதி, போதும்" என்று மலையாளம் கலந்து சொல்லிவிட்டு, பென்டிரைவையும் ஹார்டு டிஸ்கையும் எடுத்துப்போனாள். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செம்பருத்தி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. சந்தனப் பொட்டு வைத்த பேக்கப் இந்த ஊரில் வேறு யாரிடம் இருக்கிறது?

மறுநாள் நவமி. எந்தெந்தப் படங்களைக் காட்டலாம் என்று பார்க்க மனைவி கம்ப்யூட்டரைப் போட்டாள். பூஜையில் இல்லாத பொருள்தானே என்று அம்மாவும் விட்டுவிட்டாள். கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியாக வந்தபோது கறுப்புத் திரையும் அதில் ஒரு வரி ஆங்கிலமும்தான் மிச்சம். எத்தனை முறை போட்டாலும் அதே வரி.

வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு உள்ளூரச் சந்தோஷம். என் பேக்கப்புக்கு ஒருவழியாக வேலை வந்துவிட்டது. அப்புறம்தான் அது இருக்கும் இடம் ஞாபகம் வந்தது.

"நாளைக்குக் காலையில எடுக்கலாம்" என்றாள் அம்மா. பூஜை எடுத்து, கம்ப்யூட்டரை எழுப்பி, பாலம் தாண்டி காக்கநாடு போய்ச் சேர்வதற்குள் நேர்காணலே முடிந்திருக்கும். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தொண்டையைச் செருமினேன். அதற்கு மேல் எனக்கு வீரம் கிடையாது.

மனைவி நேராகப் போய், செம்பருத்தியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். "சரஸ்வதிக்கு வேலை இருக்கு, அத்தை. எனக்குத்தான் இல்ல."

அம்மா அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

சந்தனத்தைச் சுரண்டிவிட்டுப் பென்டிரைவைச் செருகினேன். அதே கறுப்புத் திரை, அதே வரி. மறுபடி செருகினேன், ஊதிச் செருகினேன். பிறகு மெதுவாகப் புரிந்தது. மெஷினை எழுப்பும் மீட்பு சிஸ்டத்தின் கோப்பைப் பென்டிரைவில் சும்மா காப்பி செய்து வைத்திருக்கிறேன். அதற்கென்று இருக்கும் மென்பொருளால் எழுதினால்தான் மெஷின் அதிலிருந்து எழுந்திருக்கும். புட்டு மாவைப் பாக்கெட்டோடு குழாயில் வைத்து, ஆவி வருமா என்று காத்திருந்த கதைதான். ஒரு தடவைகூட நான் அதைப் போட்டுப் பார்த்ததில்லை.

"இத்தன நாளும் இதைத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு நடந்தீங்களா?" என்றாள் மனைவி. குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹார்டு டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும் படங்களைப் பார்க்க முடியாது. மீட்பு சிஸ்டத்தால் மட்டுமே அந்த நகலைப் பிரிக்க முடியும். எங்கள் சந்தில் எந்த வீட்டுக் கம்ப்யூட்டரையும் அன்று கேட்க முடியாது, எல்லாவற்றுக்கும் பொட்டு. தெருமுக்கில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் இக்காவிடம் ஓடினேன்; அவர் கடையில் பூஜை கிடையாது.

"எந்தா அண்ணா, பூஜைக்கு வெச்சது சமரத்துல இறங்கிடுச்சா? ஸ்ட்ரைக்கா?" என்று சிரித்தபடி தன் நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவர் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளை இறக்கி, பென்டிரைவை ஒழுங்காக எழுதினேன். வீட்டில் அதைச் செருகியதும் மெஷின் எழுந்தது. ஹார்டு டிஸ்கிலிருந்து நகல் ஏறி முடியும்வரை மனைவி திரையை விட்டு நகரவில்லை. முதல் படம் திறந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் அஷ்டமிக்கு அம்மா தட்டோடு வந்தபோது, மனைவி தானாகவே தன் ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றி அதில் வைத்தாள். அம்மா அதை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

"இது வேண்டா மோளே, நாளைக்கு வேலைக்குப் போகணும்ல. இவன் ஏதாவது செஞ்சு வெச்சிருப்பான், அதை வெப்போம். எப்படியும் ஓடாது."