தட்டுச் சத்தத்துக்குத் திரும்பாத குட்டி

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு சரி. இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளை நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். பிறந்து இருபது நாள்தான். சீக்கிரம் தாயைப் பிரித்தால்தான் வளர்ப்பவரிடம் ஒட்டும் என்று எங்கள் தெருவில் எல்லோரும் நம்பினோம், நானும்தான்.

எங்கள் ஊர் வெள்ளைக் குட்டிகளில் சில காது கேளாமல் பிறக்கும். அதைத் தெரிந்துகொள்ள, பின்னால் நின்று சாப்பாட்டுத் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். கேட்காத குட்டியை வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து இவர் தட்டினார். குட்டி திரும்பவில்லை.

“ஏட்டி, இது செவிடு. நாளைக்குக் கண்மாயில போட்டுட்டு வாரேன்.”

நான் அவரை எதிர்த்துப் பேசாதவள். ஆனால் தட்டியதும் குட்டி நின்ற இடத்திலேயே ஒன்றுக்கு விட்டதைப் பார்த்திருந்தேன். கேட்காத குட்டி எதற்குப் பயப்படும்?

“அதுக்குக் கேக்குது. டாக்டர்ட்ட காட்டாம தர மாட்டேன்.”

தெரிந்த மாட்டு டாக்டர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். மறுநாள் குட்டியைக் கூடையில் வைத்து பஸ் ஏறினேன். அவர் அதன் பின்னால் நின்று மெல்லச் சீட்டியடித்தார். காது மடல் அசைந்தது.

“காது நல்லாருக்கும்மா. பயத்துல அப்படியே உறைஞ்சு நிக்குது. அம்புட்டுச் சின்னதுல தாயப் பிரிச்சா இப்படி ஆகலாம். ஆராய்ச்சியில எலிக்குட்டிகளத் தாய்ட்டருந்து பிரிச்சு வச்சும் பாத்திருக்காங்க. வளந்த பொறவும் சிலது இருட்டு மூலையத் தேடும். சிலது எதுலயும் நாட்டமில்லாம சோர்ந்து கெடக்கும்.”

குட்டி பிழைத்தது. பயம் மட்டும் போகவில்லை. பெரிய நாயான பிறகும் குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் ஒடுங்கும். சில நாள் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது நான்கு குட்டி போட்டது. இருபதாம் நாளே இவருடைய சிநேகிதர் கூடையோடு வந்துவிட்டார். குட்டியைத் தூக்க இவர் குனிந்தார். நான் குறுக்கே நின்றேன்.

“ரெண்டு மாசம் ஆகாம ஒண்ணும் வெளிய போகாது.”

“என்ன தாயி, நாய்க்கும் பேறுகால லீவா?” என்று சிநேகிதர் சிரித்தார்.

“ஆமா அண்ணாச்சி. லீவு முடிஞ்ச பொறவு வாங்க.”

நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கே தாய் நாய் சுவரோடு ஒட்டி நின்றது. இவர் அதைச் செத்த நேரம் பார்த்தார்.

“பொறவு வாடே,” என்றார் சிநேகிதரிடம்.

குட்டிகளுக்கு இரண்டு மாதம் முடிந்ததும் வந்தவர் முதலில் தட்டைத்தான் தட்டினார். குட்டி ஓடிவந்து தட்டையே கடித்தது.

எலி விஷயம் டாக்டர் சொல்லி என் நினைவில் நின்றது மட்டும்தான். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த இரண்டு மாதத்தில் மட்டும் ஒரு நாளும் குறைத்துவிடாதீர்கள்.