ஷோரூம் வீட்டுக் கூடம்

அவருக்குத் தெரு வைத்த பெயர் ஷோரூம். கடைவீதியில் ஒரு பெரிய மரச்சாமான் கடையின் இரண்டாவது மாடிக்கு மேனேஜராக இருந்தவர். கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை எல்லாம் அவர் பொறுப்பு. அந்த மாடியில் மேசைகள் மீது பிளாஸ்டிக் பழங்கள் இருக்கும். அலமாரிகளில் முதுகு மட்டும் உள்ள அட்டைப் புத்தகங்கள் இருக்கும். இழுப்பறைகள் எல்லாம் காலி.

“எந்தக் கஸ்டமரும் இழுப்பறையத் திறந்து பாக்கறதில்ல. மூஞ்சி நல்லா இருந்தா சாமான் போயிடும்” என்பார். வருடக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருந்ததில், கடைசியில் அவரே அந்த மாடியில் நிற்கிற ஒரு சாமான் போல ஆகிவிட்டார்.

பிறகு காலம் கெட்டது. ஆலைகளில் ஆட்களைக் குறைத்தார்கள். வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் பாதிச் சுவரோடு நிறுத்தினார்கள். சுவரே எழும்பாதபோது கட்டில் யாருக்கு? முதலாளி முதலில் சம்பளத்தைப் பாதியாக்கினார், அப்புறம் இரண்டாவது மாடியையே மூடினார். மாடியோடு மேனேஜரும் மூடப்பட்டார். வெளியே வரும்போது கையோடு அவர் கொண்டுவந்தது ஒரு கூடை பிளாஸ்டிக் பழம்.

எங்கள் தெருவில் அப்போது எவர் வீட்டிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மாடிவீட்டு டிரைவர் காரை விற்றுவிட்டு, அதே காருக்குக் கூலி டிரைவராகப் போனார். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு குடும்பமாக ஒரே வீட்டில் அடைந்துகொண்டு, காலையில் குளியலறைக்கு முன்னால் வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். கொஞ்ச நாள் வெட்கப்பட்டார்கள், கொஞ்ச நாள் புலம்பினார்கள், பிறகு பிழைப்பைப் பார்த்தார்கள். ஷோரூம் மட்டும் வெட்கமும் படவில்லை, பிழைப்பையும் பார்க்கவில்லை. அவரிடம் ‘பிளானிங்’ இருந்தது.

பிளானிங் என்றால் இதுதான். உள்ளறைகளின் பல்புகளைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினார். உள்ளே மனைவி தட்டுத்தடுமாறிச் சமைத்தாள், கூடமோ நகைக்கடை மாதிரி ஜொலித்தது. கரண்ட் மிச்சம் பிடிப்பதற்காகச் சட்டையின் காலரையும் முன்பக்கத்தையும் மட்டும் இஸ்திரி போட்டார். முதுகு கசங்கிக் கிடந்ததால், தெருவில் யாரோடு பேசினாலும் சுவரை ஒட்டி நின்றே பேசினார், விடைபெறும்போது நாலு எட்டு பின்னாலேயே நடந்து போய்த் திரும்பினார். மகள் பாலிடெக்னிக்குக்குப் போகிற பஸ் காசை நிறுத்தி, “நடந்தா உடம்புக்கு நல்லது” என்றார். மனைவியின் ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைக்கச் சொன்னார். கூடத்தில் கிடந்த கருஞ்சிவப்பு சோபாவை மட்டும் யாரும் தொடக் கூடாது. நல்ல காலத்தில் கடையில் ஊழியர் விலைக்கு வாங்கியது. வந்த நாள் போட்ட பிளாஸ்டிக் உறை வீட்டு மனிதர்களுக்காகக் கழற்றப்பட்டதே இல்லை. மகள் தரையில் உட்கார்ந்து படித்தாள்.

சோபாவுக்கு முன்னால் டீப்பாய். அதன் மேல் அந்தப் பழக்கூடை. ஒருமுறை அவருடைய தங்கையின் சின்னக் குழந்தை பசியில் ஆப்பிளை எடுத்துக் கடித்துவிட்டது. பல் தடம் பதிந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தாரே தவிர, குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. பிஸ்கட் இருந்தால்தானே.

இதையெல்லாம் தாண்டி அந்த வீட்டில் வாடகை கட்டப்பட்டது, மகளுக்கு ஃபீஸ் கட்டப்பட்டது, அடுப்பு எரிந்தது. எப்படி என்று ஷோரூம் ஒருநாளும் கேட்டதில்லை. தன் பிளானிங்தான் காரணம் என்று மனதார நம்பினார். நம்பியதோடு விட்டாலும் பரவாயில்லை, ஊருக்கு உபதேசம் வேறு.

“உங்களுக்கெல்லாம் செலவு பண்ணத் தெரியல டிரைவர். என் வீட்டப் பாருங்க, ஒரு சாமான் வெளிய போயிருக்கா?”

“உங்க வீட்ல உங்களையே ஒரு சாமானா ஷோவுக்கு வச்சிருக்காங்களே சார், வேற என்ன வேணும்?” என்றார் டிரைவர். ஷோரூமுக்கு அது உறைக்கவில்லை, பாராட்டு என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து போனார்.

அடுப்பை எரித்தது பின்கட்டில் இருந்த வாஷிங் மெஷின். முக்கில் ஒரு லாட்ஜ் இருந்தது. அதன் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் அவர் மனைவி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் ‘நாலு பேரைப் பார்க்க’ என்று டீக்கடைக்குக் கிளம்பியதும், பின்சந்து வழியாக மூட்டை வரும். மெஷின் ஓடும். மொட்டை மாடியில் வெள்ளை வெள்ளையாகக் காயும். அவர் திரும்புவதற்குள் மடித்து, மூட்டை கட்டி, வந்த வழியே போய்விடும். தெருவுக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. மொட்டை மாடிக்கு அவர் ஏறுவதில்லை, துணி காயப்போடுகிற பெண்களோடு நின்றால் மரியாதை என்னாவது? பின்கட்டுக்கும் போவதில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் விருந்தாளிகள் வராத பிரதேசம். விருந்தாளி வராத இடம் அவர் கணக்கில் வீடே இல்லை.

அந்த அம்மாளையும் சும்மா சொல்லக் கூடாது. புருஷன் முகம் சுண்டிவிடுமே என்று மறைத்து மறைத்தே அவரை வளர்த்துவிட்டவள் அவள்தான். கைவிரல்கள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தபோதும், “பாத்திரம் தேய்ச்சேங்க” என்றாள். அந்த வீட்டில் தேய்க்கிற அளவுக்குப் பாத்திரத்தில் என்ன ஒட்டியிருக்கும் என்றுகூட அந்த மனிதர் யோசிக்கவில்லை.

அந்த வாரம் லாட்ஜ் மேனேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். “அக்கா, சனிக்கிழமை கல்யாண கோஷ்டி ஒண்ணு மொத்த ரூமையும் எடுத்திருக்கு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் எல்லா விரிப்பும் எனக்கு வந்தாகணும். ஒண்ணு குறைஞ்சாலும் மெயின் ரோடு லாண்டரிக்காரனுக்குக் கொடுத்திடுவேன், அப்புறம் என்கிட்ட வருத்தப்படக் கூடாது.” மகளுடைய கடைசிப் பருவத்து ஃபீஸ் அந்த மூட்டையில்தான் இருந்தது. கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

அதே வெள்ளிக்கிழமைதான் ஷோரூமுக்கும் ஒரு விருந்தாளி வருவதாக இருந்தார். ஊருக்கு வெளியே புதிதாக ஒரு மரச்சாமான் கடை திறந்திருந்த பெரியவர். ஷோரூம் அவரை எப்படியோ பிடித்து, “கடையில வேணாங்க, வீட்டுக்கு வாங்க, பேசலாம்” என்று அழைத்திருந்தார். வேலை கேட்கிறவன் எந்த ஊரில் முதலாளியை வீட்டுக்கு வரச் சொல்வான்? இவர் சொல்வார். கூடத்தைப் பார்த்தால் மனிதர் மயங்கிவிடுவார் என்பது பிளானிங். ஆனால் திரைச்சீலை சாயம் போயிருந்தது, புதிது வாங்கக் காசு இல்லை.

காலையில் மனைவி கடைக்கு என்று சொல்லிவிட்டு, முதல் மூட்டையைக் கொடுக்க லாட்ஜுக்குப் போனாள், எண்ணிக் கொடுத்துத் திரும்ப நேரமாகும். அன்று டீக்கடையிலிருந்து சீக்கிரமே திரும்பியிருந்த ஷோரூம், அவள் தலை மறைந்ததும் பழைய சாமான் கடைக்காரனைக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாகத் திரையைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். யார் கண்ணிலும் படாத சாமானாக ஒன்றைத் தேடினார், மெஷின் இருந்தது.

கடைக்காரன் ஒருபக்கம் தூக்கிப் பார்த்தான். “என்ன சார், இவ்ளோ கனம்?”

“நல்ல கம்பெனி சாமான்னா கனமாத்தான் இருக்கும். இப்ப வர்றதெல்லாம் தகரம்.”

கனத்தைச் சொல்லியே விலையைக் கொஞ்சம் ஏற்றினார். மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. திறந்து பார்க்காதவர்களை வைத்தே பிழைத்தவர் அல்லவா? லாட்ஜின் மிச்ச விரிப்புகள் அத்தனையும் ஈரத்தோடு உள்ளே இருக்க, மெஷின் தள்ளுவண்டியில் ஏறிப் போனது.

மனைவி திரும்பியபோது கூடத்தில் புதுத் திரைச்சீலை ஆடியது. டீப்பாயில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட். சோபா உறை கழற்றப்பட்டிருந்தது. அவள் எதையும் பார்க்காமல் பின்கட்டுக்குப் போனாள். தரையில் மெஷின் நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. தண்ணீர்க் குழாய் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க, மெஷின் எங்க?”

“கொடுத்துட்டேன். மூணு ஆளுக்குக் கையால துவைச்சா என்ன குறைஞ்சிடும்? கரண்ட் மிச்சம்.”

“தொறந்து பாத்தீங்களா?”

“என்னத்த பாக்கறது? உன் பழைய புடவை நாலு இருக்கும். வேணா போய் வாங்கிக்க.”

“என் புடவை இல்ல. லாட்ஜு விரிப்பு. அத துவைச்சுதான் வாடகை கட்டறேன். அத துவைச்சுதான் ஃபீஸ் கட்டறேன். நீங்க டீக்கடையில ஊதற சிகரெட்டும் அதுலதான் வருது.”

ஷோரூம் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் வந்த வார்த்தையாவது ஒழுங்காக வந்ததா?

“கண்டவன் படுத்து எந்திரிச்ச துணிய என் வீட்ல துவைச்சியா? நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?”

“நாலு பேருக்கும் தெரியும்ப்பா” என்றாள் அப்போதுதான் உள்ளே வந்த மகள். “உங்களுக்குத்தான் தெரியாது.”

“நீ ஓடு கண்ணு. பழைய சாமான் கடையில உள்ள இருக்கற துணிய வாங்கிட்டு வா” என்றாள் அம்மா. மகள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் முக்கு திரும்பியிருக்க மாட்டாள், வாசலில் பெரியவரின் கார் வந்து நின்றது.

பெரியவர் சோபாவில் உட்கார்ந்தார். பிஸ்கட்டைத் தொடவில்லை. ஆப்பிளை எடுத்து உருட்டிப் பார்த்தார், பல் தடத்தைப் பார்த்தார், திருப்பி வைத்தார். ஷோரூம் சுவரை ஒட்டி நின்று தன் அனுபவத்தை அளந்துகொண்டிருந்தார். எத்தனை பேரைக் கட்டி மேய்த்தேன், எந்தெந்தப் பெரிய மனிதர் வீட்டுக்குக் கட்டில் என் கையால் போனது என்று.

“அதெல்லாம் சரி தம்பி” என்றார் பெரியவர். “இப்ப புதுசு எவன் வாங்கறான்? நான் பழசுதான் வாங்கி விக்கறேன். வீடு வீடாப் போய், உள்ள பூந்து, குனிஞ்சு கவுத்துப் பாத்து எடுக்கணும். கமிஷன்தான், சம்பளம் கிடையாது. முடியுமா?”

“பழசா... யோசிச்சுச் சொல்றேங்க. நம்ம லெவலுக்கு...”

லெவல் முடியவில்லை. வாசலில் தள்ளுவண்டி வந்து நின்றது. மகள் முன்னால் வர, பழைய சாமான் கடைக்காரன் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மூட்டையைத் தூக்கிவந்து புதுத் திரைச்சீலைக்குக் கீழே தொப்பென்று போட்டான். ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் லாட்ஜின் பெயர் நீல மையில் குத்தியிருந்தது.

“இந்தாங்க சார் உங்க கனம்! நல்ல கம்பெனின்னு சொன்னீங்களே, இது எந்தக் கம்பெனி?”

ஷோரூம் புதுத் திரையை இழுத்து மூட்டையை மறைக்கப் பார்த்தார். திரை அவ்வளவு நீளம் இல்லை.

மனைவி வந்து மூட்டையைப் பிரித்தாள். கடையின் அழுக்குத் தரையில் புரண்டு பாதி விரிப்பு கறுத்திருந்தது. அத்தனையையும் மறுபடி துவைக்க வேண்டும், கையால் அடித்தால் இருட்டுவதற்குள் முடியாது. “தம்பி, மெஷினத் திருப்பிக் கொடுத்துடுங்க” என்றாள்.

“கொடுக்கறேன்க்கா, எனக்கென்ன. காசக் கொடுங்க.”

காசு புதுத் திரைச்சீலையாக ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஒருமுறை திரையைப் பார்த்தாள், ஒருமுறை புருஷனைப் பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்தாள்.

“ஐயா, கொஞ்சம் எந்திரிங்க.”

பெரியவர் எழுந்தார்.

“இப்ப உக்காந்திருந்தீங்களே, அந்த சோபா என்ன விலைக்குப் போகும்?”

“ஏய்!” என்றார் ஷோரூம்.

பெரியவர் குனிந்தார், கவிழ்த்தார், அடிப்பலகையைத் தட்டினார், ஒரு விலை சொன்னார். அநியாய விலை. அடிமாட்டுக்குக்கூட அதைவிட அதிகம் கொடுப்பார்கள்.

அங்கேதான் அந்த மனிதருக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. மானம் என்று நினைத்துவிட வேண்டாம், தொழில் புத்தி. “என்னங்க விலை சொல்றீங்க? இது தேக்குச் சட்டம். ஸ்பிரிங்க அமுக்கிப் பாருங்க, எங்கயாவது கிரீச்சுங்குதா? இந்த வீட்ல ஒருத்தரும் இதுல உக்காந்ததே இல்லைங்க!” என்று சுவரை விட்டு வெளியே வந்தார். கசங்கிய முதுகு எல்லோருக்கும் தெரிந்தது. அதை மறந்தே போனார். பெரியவர் ஏற, இவர் ஏற்ற, கடைக்காரன் வேடிக்கை பார்க்க, கடைசியில் இரு மடங்குக்கும் மேலே போய்ப் படிந்தது. வேலை போன பிறகு அந்த மனிதர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். அதுவும் தன் வீட்டு சோபாவைத் தானே விற்றது.

“நாளைக்குக் காலைல கடைக்கு வந்துடு தம்பி” என்றார் பெரியவர்.

“யோசிச்சு...”

“வருவாருங்க” என்றாள் மனைவி.

சோபா பெரியவரின் ஆட்களோடு வெளியே போனது, மெஷின் தள்ளுவண்டியில் திரும்பி வந்தது. பின்கட்டுக்கு அதைத் தூக்கப்போன ஆட்களை அவள் நிறுத்தினாள். சோபா கிடந்த இடத்தைக் காட்டினாள். “இங்கயே வைங்க. வாசல் குழாய் பக்கம். இனிமே மூட்டை முன்வாசல் வழியாவே வரட்டும்.”

“கூடத்துலயா?” என்றார் ஷோரூம். அவளும் மகளும் விரிப்புகளை உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்கள். மாடிவீட்டு டிரைவரின் மனைவி கேட்காமலேயே தன் இஸ்திரிப்பெட்டியை எடுத்துவந்து, ஈரம் போக ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூட்டை லாட்ஜ் போய்ச் சேர்ந்தது. மேனேஜர் எண்ணிப் பார்த்து உறுமினார், அவ்வளவுதான். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. முழு மாத்திரையும் வந்துவிட்டது.

ஷோரூம் இப்போது பெரியவரின் பழைய மரச்சாமான் கடைக்குப் போகிறார். தெருவில் கேட்டால் ‘கன்சல்டன்ட்’ என்கிறார். பழக்கூடையை மட்டும் விட மனம் வரவில்லை, டீப்பாயிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்திருக்கிறார். பார்க்க நன்றாக இருக்கிறதாம். மெஷின் பிழிகிற வேகத்தில் ஓடும்போது கூடை குதிக்கும். முதலில் ஆரஞ்சு விழும், பிறகு திராட்சை, கடைசியில் அந்தக் கடிபட்ட ஆப்பிள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விழ விழப் பொறுக்கி மேலே வைக்கிறார். மனைவி அவரைச் சுற்றிக்கொண்டு போய், கூடையை அவர் மடியில் வைத்துவிட்டு மூடியைத் திறக்கிறாள்.