விமானம் வேண்டாம் என்று சொன்னவன்

தொண்ணூற்றொன்றாம் வருடம் மே மாதத்துக்குப் பிறகு வெளியூரில் என் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறிவிடும். பெரிய தலைவர் ஒருவரை அங்கே குண்டு வைத்துக் கொன்றார்கள் என்பதைத் தவிர எங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பெங்களூரில் ஒரு கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு நீங்க அங்கதான் இருந்தீங்களா?” என்று கேட்டார். ஏதோ நானே செய்துவிட்டதுபோலத் தலைகுனிந்து நின்றேன்.

அப்போது பிள்ளைப்பாக்கத்தில் எனக்குச் சின்ன லேத் பட்டறை இருந்தது. மறைமலை நகர்க் கம்பெனிகளுக்குச் சில்லறைச் சாமான்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்திய சங்கத்துக்கு நான் செயலாளர். ரைஸ் மில் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தலைவர்.

ஒரகடத்துக்கு அந்தப் பக்கம், உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று புதர் மண்டிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் அதில் வேர்க்கடலை காய வைப்பார்கள். இனி தனியாரும் விமானம் விடலாம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அங்கிருந்து பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் சின்ன விமானம் ஒன்று போய்வந்தால் கம்பெனிக்காரர்கள் நேராக இங்கேயே வந்து இறங்குவார்கள், எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேறு ஒரு விஷயம் கிடைக்கும் என்று எனக்குள் ஒரு வெறி பிடித்துக்கொண்டது. பார்த்தவர்களிடமெல்லாம் இதையே பேசினேன். கடைசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், முன்பு விமானப் படையில் இருந்தவர், புதிதாக விமானக் கம்பெனி தொடங்கப்போகிறவர், நேரில் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தன் சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். நாங்கள் புதரை வெட்டி, தளத்தைப் பெருக்கி, சாமியானா போட்டு வைத்திருந்தோம். மூன்று ஊர் ஜனம் திரண்டிருந்தது. என் மனைவி கல்யாணப் புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் மைக்கைப் பிடித்து, விமானம் வந்தால் என்னென்ன நடக்கும் என்று விடாமல் பேசினேன். நல்ல கைதட்டல்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்.

“மீனம்பாக்கம் இத்தனை கிட்டத்துல இருக்குதுங்க. அத விட்டுப்போட்டு இங்க வந்து யாருங்க ஏறுவாங்க?”

“எங்க சங்கத்துல எல்லாருமே ஏறுவோம் சார்” என்றேன்.

“சரிங்க. நீங்க கடைசியா எப்பங்க பிளேன்ல போனீங்க?”

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மைக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். பக்கத்தில் இருந்த சங்கத் தலைவர் என் பக்கம் குனிந்து, “இன்னாய்யா, நீ ஏறினதே இல்லியா?” என்றார். அது மைக்கில் விழுந்து ஜனம் முழுவதற்கும் கேட்டது.

“அவரு பஸ்லயே நின்னுகினு போறவரு சார்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் சொன்னது உண்மைதான். பெங்களூருக்கு நான் எப்போதும் சாமான் மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போவேன். என் மனைவி மட்டும் சிரிக்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூர்க்காரர் சட்டென்று மைக்கை அணைத்தார். “நான் மீனம்பாக்கம் போயி பெட்ரோல் போடோணும். நீங்களும் வாங்க, பேசிக்கிட்டே போலாம்” என்றார். எனக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்கத்தான் கூப்பிட்டார் என்று புரிந்தது. ஏறினேன். ஜனம் இப்போது நிஜமாகவே கைதட்டியது.

தரையை விட்டுக் கிளம்பியதும் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கமாகச் சாய்ந்து வட்டமடித்தபோது குமட்டலை அடக்க முடியவில்லை. காலையில் தின்ற இட்லி அவ்வளவும் என் சட்டையிலும், விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்த அவருடைய பேண்ட்டிலும் கொட்டியது. அவர் ஒரு கையால் ஓட்டியபடியே மறு கையால் தன் கர்சீப்பை எடுத்து என்னிடம் கொடுத்தார். “விடுங்க. எனக்கும் மொதத் தடவ இப்படித்தானுங்க.”

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் ஒரு குழாயடியில் சட்டையைக் கழற்றி அலசினேன். ஈரத்தோடு மாட்டிக்கொண்டு திரும்பியபோது அவர் எனக்காகக் காத்திருந்தார்.

“பூர்வீக நெலத்த வித்துத்தானுங்க இந்தத் தொழில்ல எறங்கறேன். மேடைப் பேச்ச விடுங்க. நெசமாச் சொல்லுங்க, உங்காளுங்க ஏறுவாங்களா?”

எங்கள் சங்கத்துக்காரர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் மெட்ராஸுக்கே மாதம் ஒருமுறைதான் போவார். ஸ்பிரிங் போடுகிறவர் லாரி டிரைவரைப் பிடித்து ஓசியில் போகிறவர். எங்களைப் பார்க்க வரும் கம்பெனி அதிகாரிகளுக்கு மெட்ராஸில் வீடு, வாசலில் கார். ஒரு முகத்தையும் அந்த விமானத்துக்குள் உட்கார வைக்க முடியவில்லை. இத்தனை மாதம் ஊர் ஊராகப் பேசித் திரிந்த நான் ஒரு நாளாவது இப்படி யோசித்தேனா என்று நினைத்தபோது காது மடலெல்லாம் சுட்டது.

“ஏற மாட்டாங்க சார். விமானம் வேணாம்” என்றேன். “எங்க ஊருக்கு வேற ஒரு நல்ல பேரு வரணும்னு ஆசப்பட்டேன். அவ்வளவுதான்.”

அவர் “ரொம்ப உபகாரமுங்க” என்று என் ஈரத் தோளைத் தொட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தாம்பரம் வந்து, படப்பை வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்தேன். நாற்றம் போகாத சட்டையோடு யார் பக்கத்திலும் உட்கார மனமில்லாமல் படிக்கட்டருகே நின்றே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேராகத் தலைவரின் மில்லுக்குப் போனேன். சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் அங்கேயே காத்திருந்தார்கள்.

“இன்னாய்யா சொன்னாரு?”

“நான்தான் வேணாம்னு சொல்லிட்டேன்.”

“இன்னாது, நீயா?” தலைவர் எழுந்தே விட்டார். “வெயில்ல நின்னுகினு பொதர வெட்டினமே, அதெல்லாம் எதுக்கு?”

“நம்மள்ல யாரு ஏறுவோம், சொல்லுங்க.”

ஒருவர் மட்டும் மெதுவாக, “நானு ஏறமாட்டேம்பா” என்றார். தலைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “போ, வூட்டுக்குப் போயி மொதல்ல சட்டைய மாத்து” என்றார்.

வீட்டில் மனைவி சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். பிறகு, “மேலேர்ந்து நம்ம வூடு தெரிஞ்சிதா?” என்றாள்.

“கண்ண மூடிக்கினு இருந்தேன்” என்றேன். வேறு யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத்தான் வரவில்லை. பல வாரங்கள் கடைத்தெருப் பக்கமே போகவில்லை. பட்டறைக்கும் வயல் வரப்பு வழியாகத்தான் போய்வந்தேன்.

அடுத்த கூட்டத்தில் செயலாளராக வேறொருவரை முன்மொழிந்தார்கள். என் மனம் புண்படக் கூடாதென்று எல்லோரும் கை தூக்கத் தயங்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் கையை நான்தான் தூக்கினேன்.