அம்மன் எனக்கு மட்டும் சொன்னது

புளூ காய்ச்சல் தென்காசிக்கு வந்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒருவராவது போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர், கடையநல்லூரில் தறிச் சத்தமே கேட்கவில்லை, நெய்கிறவர்களெல்லாம் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று வந்து சொன்னார்.

அந்த வாரம் அம்மன் சன்னிதியில் கண்ணை மூடி நின்றேன். காதோரம் ஒரு பெண்குரல் தெளிவாகக் கேட்டது.

"உன் மூச்சுலதாம்ட்டி இந்தக் காய்ச்சல் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. பேசியது அம்மன்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்றிலிருந்து முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். "நல்ல சூதானமான பிள்ளை" என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். யார் இருமினாலும் நான் கொடுத்த நோய் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். சமைப்பதை விட்டேன், சாப்பிடுவதையும் விட்டேன். குரல் என்னை விடவில்லை. கணவரும் காய்ச்சலில் விழுந்தபோது, புறவாசலில் போய் மூச்சை அடக்கி அடக்கி, மயங்கி விழுந்துவிட்டேன்.

மாமியார் தண்ணீர் தெளித்து எழுப்பினார்.

"அத்தை, அம்மன் சொல்லுதது உங்களுக்குக் கேக்கலியா?"

"யாரு சொல்லுதா?"

"இந்தா, இப்பக்கூடச் சொல்லுதாளே!"

அவர் கையிலிருந்த செம்பு நழுவி விழுந்தது.

கணவருக்குக் காய்ச்சல் இறங்கியதும் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று அப்போது பலரும் நம்பினார்கள். நல்ல சாரல். எங்களுக்கு முன்னால், காலில் சங்கிலி போட்ட ஒருவரை இரண்டு பேர் அருவிக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார்கள். நடுவயது, படித்தவர் முகம். வெளியே இழுத்து வந்ததும் அவர் எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக் கத்தினார்.

"எம் பக்கத்துல வராதீங்க! எம் மூச்சுதான் ஊரைக் கொல்லுது. முருகன் சொல்லிட்டான்!"

அது என் வார்த்தை. கணவரிடம்கூட முழுசாகச் சொல்லாத வார்த்தை. எனக்கு அம்மன், அவருக்கு முருகன். ஒரே காய்ச்சலை இரண்டு பேர் மூச்சில் எதற்கு வைக்க வேண்டும்? ஊரில் இன்னும் எத்தனை பேரிடம் இந்தக் குரல் இப்படிச் சொல்லியிருக்கிறது?

கணவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நானும் இவரு மாதிரிதான் இருக்கனா?"

அவர் அழுதார்.

"என்னையக் கட்டிப்போட்டுராதீங்க. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

மதுரையில் ஒரு டாக்டர் ஸ்கிசோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். நாக்கு வறண்டது, விரல்கள் நடுங்கின. குரல் மெல்ல மெல்லத் தேய்ந்து ஒருநாள் நின்றே போனது. நிம்மதி வரும் என்றிருந்தேன். வந்தது வேறொரு திகில். இத்தனை நாள் கூடவே இருந்த அம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாள் என்று அழுதேன். கோயில் பக்கம் போகவே பயமாக இருந்தது.

"போயிட்டு வா, யாரு வேண்டாம்னா?" என்றார் கணவர். "அவ ஏதாச்சும் பேசுனா மட்டும் எங்கிட்ட வந்து சொல்லு."

பிறகு சில தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஒருமுறையும் சிரித்ததில்லை. பாதிச் சவரத்தில் இருந்தாலும் சோப்பு நுரையோடு எழுந்து வந்து, "என்ன சொல்லுதா?" என்று கேட்பார். கேட்டு முடித்ததும் மதுரைக்குக் கிளம்புவோம்.