‘இல்ல’ என்று சொல்லக் கூடாத வேலை

ஒரு நாளிதழின் மதுரைப் பதிப்பில் பதினெட்டு வருடம் மாவட்டப் பக்கம் பார்த்தேன். கண்மாய்க் கரை உடைப்பு, காலிக்குடங்களோடு மறியல், கிணற்றில் விழுந்த பசுவை மீட்ட தீயணைப்பு வீரர்கள். போன வருடம் அந்தப் பக்கத்தை நிறுத்தினார்கள். பக்கம் பார்த்தவனையும் நிறுத்தினார்கள். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எதுவுமில்லை.

நான்கு மாதம் விளாங்குடி வீட்டில் இருந்தேன். முதல் மாதம் என் மனைவி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். இரண்டாம் மாதம், சிவப்புப் பேனாவால் பிழை திருத்திவிடுகிறேன் என்று, வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்க ஆரம்பித்தாள். “இட்லி இப்ப ஆயிரும்” என்று அவள் சொன்னால், எத்தனை மணிக்கு என்று நான் கேட்பேனாம். மூன்றாம் மாதக் கடைசியில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

“ஒண்ணு நீங்க வெளிய வேலைக்குப் போங்க. இல்ல, நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன்.”

வேலை எதுவும் அமையாவிட்டால் நான் எங்கே போக வேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. பழங்காநத்தத்தில் என் மைத்துனனுக்கு மாவு மில் இருக்கிறது. அவன் எனக்காக ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, மில்லில் போட்டு, படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். “உங்க சேரு ரெடி மச்சான்.” படம் எடுத்த நேரத்திலேயே அதன் மேல் மாவு படிந்திருந்தது. புதன்கிழமை அங்கே மிளகாய் அரைக்கும் நாள். ஒரு புதன்கிழமை போய் ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். பதினோரு தும்மல். பன்னிரண்டாவது வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் பைபாஸ் ரோட்டில் புதிதாகத் திறந்த ஏழு மாடிக் கடையின் விளம்பரம் வந்தது. கீழ்த்தளத்தில் மளிகையும் பாத்திரமும், மேலே போகப் போகத் துணி. சேலைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் வேண்டும். அனுபவம் இருந்தால் நல்லது. இருந்தால் என்று போட்டிருந்ததை நம்பி விண்ணப்பித்தேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல் என்று பதில் வந்தது.

எனக்குச் சேலை பற்றித் தெரிந்தது, அது நீளமாக இருக்கும் என்பதுதான். என் மைத்துனன் மில் வைப்பதற்கு முன் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் நான்கு வருடம் சேலை எடுத்துப் போட்டவன். ஞாயிற்றுக்கிழமை அவனே வண்டியில் வந்து இறங்கினான். பீரோவைத் திறந்து அக்காவின் சேலைகளை அள்ளி முன்னறையில் பாய் விரித்துக் குவித்தான். என்னைப் பாயில் உட்கார வைத்தான்.

“மொத பாடம் மச்சான். சேலைக் கடையில ‘இல்ல’ங்கிற வார்த்தையே கெடையாது.”

“சரக்கு இல்லைன்னா?”

“‘இதைப் பாருங்கக்கா’ன்னு வேற ஒண்ணை எடுத்து விரிங்க. அம்புட்டுதான்.”

“அவங்க கேட்டது அது இல்லையே. பொய்யில்லையா?”

“எங்க பொய் சொன்னீங்க? பாருங்கன்னுதான சொன்னீங்க?”

யோசித்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது பாடம் நிறங்கள். பச்சை, சிவப்பு என்றெல்லாம் சேலைக் கடையில் யாரும் கேட்பதில்லை. ராமர் பச்சை, அரக்கு, மயில் கழுத்து, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாவது பாடம், சேலையை விரிப்பது. உள்ளங்கையை அடியில் கொடுத்து மணிக்கட்டால் ஒரு சொடுக்கு. சேலை அலைபோலப் போய் வாடிக்கையாளர் மடியில் விழ வேண்டும். நான் சொடுக்கியது முதல் முறை மின்விசிறியில் மாட்டியது. இரண்டாம் முறை மைத்துனன் தலையில் விழுந்தது. அவன் அதை எடுக்காமல், முக்காட்டோடு பாடத்தைத் தொடர்ந்தான்.

வாடிக்கையாளராக என் மனைவி நடித்தாள். அவ்வளவு ஆர்வத்தோடு அவள் என் எதிரில் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

“வெங்காயத் தோல் கலர்ல இருந்தா காட்டுங்க.”

குறிப்பேட்டைப் பார்த்தேன். அதில் அது இல்லை. “சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா?”

“ஏன்டா, இவரு சேலை விக்கப் போறாரா, சாம்பார் வைக்கப் போறாரா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“வேணாம்க்கா, அவரு கேட்டதுல நாயம் இருக்கு. ரெண்டும் வேற வேற ஷேடு” என்றான் அவன். எனக்கு அன்று கிடைத்த முதல் பாராட்டு.

காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அதுதான் தவறு. எங்கள் தெருவில் ஒருவனுக்கு வேலை போய், நாலு மாதம் கழித்து அவன் வீட்டு முன்னறையில் பாய் விரித்துச் சேலை குவிந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டிலேயே சேலை வியாபாரம் ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் வீட்டு அக்கா கையில் கரண்டியோடு வந்து நின்றார்.

“ஏம்மா, சொல்லவே இல்லையே! போணி ஆயிருச்சா?”

என் மனைவி “அது வந்துக்கா…” என்று இழுத்தாள். அதற்குள் மைத்துனனுக்குப் பழைய ரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. “வாங்கக்கா, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” என்றவன், என் பக்கம் குனிந்து, “நெசமான கஸ்டமரு மச்சான். விடாதீங்க” என்றான்.

எதிர் வீட்டு அக்கா கரண்டியை நாற்காலியில் வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். குவியலைக் கிளறி, பிளாஸ்டிக் உறையோடு இருந்த ஒரு பச்சைச் சேலையை எடுத்தார்.

எங்கள் பீரோவின் கீழ்த்தட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விசேஷ வீடுகளில் வைத்துக் கொடுத்த சேலைகளில் உடுத்தப் போவதில்லை என்று முடிவானவை அங்கே இருக்கும். வேறொரு விசேஷம் வரும்போது அதிலிருந்து ஒன்று கிளம்பிப் போகும். கொடுத்தவருக்கே அது திரும்பிப் போய்விடக் கூடாது அல்லவா? அதனால் யார் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடிப்புக்குள் வைத்துவிடுவாள் என் மனைவி. எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். மைத்துனன் மேல்தட்டோடு சேர்த்துக் கீழ்த்தட்டையும் அள்ளிவிட்டான் என்பது எனக்கு அப்போது தெரியாது. என் மனைவி கண்ணால் ஏதோ சொன்னாள். எழுத்தில் இல்லாததை வாசிக்க எனக்குப் பயிற்சி போதாது.

“புதுசா தம்பி இது?” என்று கேட்டார் எதிர் வீட்டு அக்கா.

“புத்தம் புதுசுக்கா. மடிப்புகூடக் கலையல.”

“எங்க எடுத்தது?”

“நாங்க பால் காய்ச்சுனப்ப வந்துச்சு” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் சேலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “யாரு குடுத்தா?”

பதினெட்டு வருடத்தில் தகவல் கொடுத்தவர் யார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. “அதைச் சொல்றதில்லக்கா.”

மைத்துனன் ஒரு விரலை உயர்த்தினான். ‘இல்ல’ வந்துவிட்டதாம். சமாளிக்க வேண்டி, உறையைப் பிரித்து, உள்ளங்கையை அடியில் கொடுத்து ஒரு சொடுக்குச் சொடுக்கினேன். அன்றைக்கு முதன்முறையாகச் சேலை சரியாக விரிந்து அவர் மடியில் போய் விழுந்தது. அதோடு ஒரு துண்டுக் காகிதமும் விழுந்தது.

கையில் கிடைத்த காகிதத்தை வாசிப்பது என் பழக்கம். உரக்கவே வாசித்தேன்.

“கீழக்குயில்குடி பெரிய நாத்தனா. மூத்தவன் காதுகுத்து. மறந்து அவங்களுக்கே குடுத்துறாத.”

என் மனைவிக்குக் கீழக்குயில்குடியில் நாத்தனார் கிடையாது. எனக்கு அக்கா தங்கையே கிடையாது. எழுத்தைப் பார்த்தேன். தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம், ஊதா மை, இடது பக்கம் சாய்ந்த எழுத்து. இதே எழுத்தில் “நாளை பால் ஒரு பாக்கெட் போதும்” என்று எதிர் வீட்டுக் கேட்டில் வாரம் ஒருமுறை தொங்கும்.

ஆக, தகவல் இதுதான். நாத்தனார் கொடுத்த சேலையை எதிர் வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். நாங்கள் அதை அவருக்கே விற்கப் பார்த்திருக்கிறோம். இரண்டு தரப்பிலும் மறுப்பு வரவில்லை.

அப்போது மைத்துனன் குவியலுக்குள் கையை விட்டு ஒரு அரக்குச் சேலையை உருவி அவர் முன்னால் விரித்தான்.

“இதைப் பாருங்கக்கா.”

முதலில் சிரித்தது எதிர் வீட்டு அக்காதான். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் பாயில் சாய்ந்து சிரித்தார்கள். “இத நீங்களே வச்சுக்கங்கக்கா” என்று பச்சைச் சேலையை இவள் நீட்ட, “ஐயய்ய, குடுத்தது குடுத்ததுதான்” என்று அவர் தள்ள, அது நாலைந்து முறை போய்வந்து கடைசியில் அவர் மடியிலேயே நின்றது. “அந்தச் சீட்டையும் குடுங்க தம்பி. அது முக்கியம்” என்று வாங்கிக்கொண்டு, கரண்டியை மறந்துவிட்டுப் போனார்.

மைத்துனன் கிளம்பும்போது என் தோளில் கை வைத்தான். “முயற்சி பண்ணுங்க மச்சான். நான் எதுக்கும் சேரைத் தொடச்சு வைக்கிறேன்.”

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆறாவது மாடியில் ஒரு கண்ணாடி அறை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் வேலைக்கு ஆள் எடுக்கும் பெண். வயது இருபத்தைந்து இருக்கலாம், கையில் டேப்லெட். மற்றவர் சேலைப் பிரிவின் தலைமை ஆள். அறுபதைத் தாண்டியவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவர் பேசவில்லை. மேசை மேல் நான்கு சேலைகள் இருந்தன.

“நான் கஸ்டமர். நீங்க வித்துக் காட்டுங்க சார்” என்றார் அந்தப் பெண். “மயில் கழுத்துக் கலர், மாம்பழ பார்டர். இருக்கா?”

நான்கில் எதுவும் அது இல்லை. “இதைப் பாருங்கம்மா” என்று முதல் சேலையை விரித்தேன். நன்றாகவே விரிந்தது. பெரியவரின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

“நான் கேட்டது இது இல்லையே?”

“யாருக்கும்மா எடுக்குறீங்க?”

“ஃபிரண்ட் வீட்ல பால் காய்ச்சுறாங்க. வச்சுக் குடுக்கணும்.”

அங்கேதான் மூன்று பாடமும் எனக்கு மறந்து போனது. கண்ணால் கண்ட உண்மை வந்து முன்னால் நின்றது.

“அப்படின்னா கலரைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா. அவங்க இதை உடுத்தப் போறதில்ல. பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கும். அங்கேருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். கவர் கெட்டியா இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.”

அந்தப் பெண் டேப்லெட்டில் தட்டுவதை நிறுத்தினார். குளிரூட்டப்பட்ட அந்த அறையில் எனக்கு மிளகாய் நெடி வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் முதன்முறையாக வாயைத் திறந்தார். “அப்படிச் சுத்திச் சுத்தி வந்த சேலையை ஒருத்தங்க இங்க கொண்டாந்து, மாத்திக் குடுன்னு நின்னா என்ன செய்வீங்க? பில்லும் கெடையாது.”

“மொதல்ல மடிப்புக்குள்ள பாப்பேன்.”

“மடிப்புக்குள்ள என்ன?”

சொன்னேன். ஊதா மை வரைக்கும் சொன்னேன். அவர் சத்தம் வராமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. “எங்க வீட்டுலேருந்து போன ஒரு சேலை மூணு தடவ திரும்பி வந்துருக்குங்க” என்றார். “சீட்டு வைக்கணும்னு எங்காளுக்குத் தோணல.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. “மாத்தித் தர முடியாதுன்னு எப்படி சார் சொல்வீங்க?”

“சொல்ல மாட்டேம்மா. கேப்பேன். என்ன விசேஷம், எந்த ஊரு, எப்ப, யாரு குடுத்தா. நாலாவது கேள்வியில அவங்களே சேலையை மடிச்சுருவாங்க.”

இரண்டு நாள் பதில் இல்லை. சனிக்கிழமை மாலை அழைத்தார்கள். சேலைப் பிரிவுக்கு நான் சரிப்பட மாட்டேனாம். ஆனால் கீழ்த்தளத்தில் பொருளை மாற்றித் தரும் கவுண்டருக்கு ஆள் வேண்டுமாம். பெரியவர் என்னைக் குறிப்பாகச் சொன்னாராம். திங்கட்கிழமை சேர வேண்டும். என் மனைவி உடனே தம்பிக்குப் போன் போட்டாள். நான் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதைத்தான் முதலில் சொன்னாள். அவன் சந்தோஷப்பட்டுவிட்டு, “அப்ப அந்தச் சேரு?” என்று கேட்டான்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் புதன்கிழமை. பழங்காநத்தத்தில் மிளகாய் அரைத்துக்கொண்டிருப்பார்கள். பதினோரு மணி வரைக்கும் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் இரண்டாவது கேள்வியிலும், இரண்டு பேர் நான்காவதிலும் மடித்துக்கொண்டு போனார்கள். நான்காவதாக ஒரு மஞ்சள் பை வந்து கவுண்டரில் உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் எதிர் வீட்டு அக்கா நின்றார்.

“இங்கதானா தம்பி நீங்க? நல்லதாப் போச்சு” என்று பையிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து வைத்தார்.

நான் மடிப்பை விலக்கிப் பார்த்தேன். சீட்டு இல்லை. எடுத்துவிட்டு வந்திருந்தார். விசேஷம், ஊர், நாள், கொடுத்த ஆள் என எல்லாமே எனக்கு முன்பே தெரியும் என்பதால் கேட்பதற்குக் கேள்வியும் இல்லை. கடைசியில் கடை விதியில் உள்ளதைக் கேட்டேன்.

“பில்லு இருக்காக்கா?”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. நிதானமாகப் பைக்குள் கையை விட்டு இன்னொரு சேலையை எடுத்து என் முன்னால் விரித்தார்.

“இதைப் பாருங்க தம்பி.”