செட்டிபாளையம் வாவிக்கரையில் ஆறு வரைபடங்கள்

மட்டக்களப்பு வாவிக்கரைக்குச் சிறுவர்களை ஒருநாள் பாசறைக்குக் கூட்டிப்போவது எப்படி என்று இரண்டு திருச்சபைகளிலிருந்து அண்மையில் கேட்டார்கள். எனக்கு அனுபவம் ஒரே ஒரு பயணம்தான். அது சண்டைக் காலத்தில், ஓர் ஆகஸ்ட் விடுமுறையில் நடந்தது. எந்த ஆண்டு என்று உறுதியாகச் சொல்ல என் ஞாபகத்தில் நம்பிக்கையில்லை.

அப்போது நான் காணிக் கந்தோரில், அதாவது நில அளவை அலுவலகத்தில், படவரைஞன். ஞாயிறு மாலைகளில் எங்கள் சபையின் சிறுவர் அணிக்குப் பொறுப்பு. முடிச்சு, முதலுதவி, வேத வசனம், அணிநடை என்று ஒவ்வொன்றிலும் தேறினால் சட்டைக் கையில் தைக்க ஒரு துணி வில்லை கிடைக்கும். சண்டை தொடங்கியபின் எல்லாம் ஆலய மண்டபத்துக்குள்தான். கூடாரத்தைக்கூட உட்காரும் வாங்குகளுக்கு நடுவே அடித்தோம். பையன்கள் வெளியே போகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் துணிவில்லை, போதகர் வற்புறுத்தியதால் ஒப்புக்கொண்டேன். இரவு தங்குவதில்லை, காக்கிச் சீருடை இல்லை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போதும் என்று மூன்று முறை சொல்லிவைத்தேன்.

மட்டக்களப்பு நகரிலிருந்து காலை 6.20 பஸ். பன்னிரண்டு பையன்களும் நானும். எனக்குப் பன்னிரண்டு ரூபா, பையன்களுக்கு ஆளுக்கு ஆறு. தூரம் ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். நகரைத் தாண்டும் பாலத்தில் இருந்த ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, மறுபடி ஏற வேண்டியிருந்ததால் செட்டிபாளையத்தில் இறங்கும்போது 8.05.

அங்கே நிலம் ஒடுங்கியது. றோட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. சபை அங்கத்தவர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் கூடாரம் அடித்தோம். ஜெபம், முடிச்சுப் போட்டி, பகலுக்குச் சோறும் வாவி மீன் குழம்பும். இடையில் வரைபட வில்லைக்கான பயிற்சி. இருவர் இருவராக றோட்டிலிருந்து வாவி வரை காலடி எண்ணிப் போய், கண்டதையெல்லாம் குறிக்க வேண்டும். ‘கண்டதையெல்லாம்’ என்று அழுத்திச் சொன்னவன் நான். கந்தோர் வழக்கப்படி மையால் வரைந்து, கீழே பெயரும் வயதும் எழுதச் சொன்னவனும் நான்.

திரும்பும் பஸ் 2.15க்கு. ஆரையம்பதியைக் கடக்கும்போதுதான் பையன்களின் படங்களை அடுக்கி வைத்திருந்த அட்டைக் கோவையைத் திறந்து ஆறையும் பார்த்தேன். நான்காவதில் கிணறு, மூன்று பனை, ஒரு நாய். அதன் பக்கத்தில் ஓர் இராணுவக் காவலரண்: ‘ஆமி சென்றி. மண்மூட்டை 4 அடுக்கு. கிணற்றிலிருந்து 62 காலடி.’ கீழே: ‘ஜோயல், வயது 15.’

“இத ஏன்டா கீறின?”

“நீங்கதானே சேர் கண்டதெல்லாம் கீறச் சொன்ன. மற்றாக்கள் சென்றிய விட்டுட்டாங்க. எங்களுக்குத்தான் கூட மாக்ஸ்.”

அவனுடைய சோடி ரவி, “நாயும் போட்டிருக்கம் சேர்” என்றான்.

பாலத்துக்கு இன்னும் ஆறு கிலோமீற்றர்தான். அந்தக் காலத்தில் பதினைந்து வயதுப் பையன்களை ஆமி பிடித்துக்கொண்டு போக இவ்வளவு பெரிய காகிதம் தேவைப்படவில்லை. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவுமில்லை. என் முகத்தைப் பார்த்த கொண்டக்டர் குனிந்து, “வெளிய எறிஞ்சிராதீங்க சேர். பின்னால அவங்கட ட்ரக் வருது” என்றார்.

அத்தனை பெரிய தாளை ஒளிக்க இடமில்லை, நடுவில் கிழித்தால் ஓட்டையே காட்டிக்கொடுக்கும். பெயர் இருந்த கீழ்த் துண்டை மட்டும் கிழித்தேன். ரவி அதை வாங்கி வாயில் போட்டு மென்றான். “உப்புக் காணா சேர்.” மிச்சப் படத்தில் ‘வரைந்தவர்’ என்று என் பெயரையும் பதவியையும் எழுதினேன்.

சாவடியில் சிப்பாய் கோவையைத் திறந்தான். அதிகாரியைக் கூப்பிட்டான். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

“யார் போட்டது?”

“நான்தான். பிள்ளைகளுக்குப் பழக்க.”

“மாஸ்டர் கந்தோரில படம் போடுற ஆள்?”

“ஓம்.”

அவர் படத்தை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார். அப்போது வரிசையிலிருந்து குரல் வந்தது. “இல்ல சேர், நான்தான் கீறின. அவர் பொய் சொல்றார்.” ஜோயல். பொய் சொல்வதில்லை என்று ஒவ்வொரு ஞாயிறும் அவனைச் சத்தியம் செய்யவைத்தவன் நான்.

அதிகாரி அவனைக் கிட்டக் கூப்பிட்டார். “வடக்கு எங்க?”

ஜோயல் சந்தேகமே இல்லாமல் கிழக்கே கடல் பக்கத்தைக் காட்டினான். படத்திலும் வடக்கு அம்பு கடலுக்குத்தான் போயிருந்தது. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். “இந்தப் படம் வச்சு யாரும் எங்கயும் போக ஏலா. மாஸ்டர், இனி முடிச்சு மட்டும் சொல்லிக் குடுங்க.” படத்தை வைத்துக்கொண்டார். என் அடையாள அட்டை எண்ணைக் குறித்து, மூன்று நாள் காலையில் வந்து கையெழுத்திடச் சொன்னார். ஐம்பது நிமிடத்தில் விட்டுவிட்டார்.

பாலத்தில் வரிசையாக நடந்தோம். ஜோயல் என் பையை வாங்கிக்கொண்டான். “போதகரிட்ட சொல்லமாட்டன் சேர்.”

“என்னத்த?”

“நீங்க பொய் சொன்னத.”

இனிப் போகிறவர்களுக்கு: இப்போது இறங்கி ஏறும் வேலை இல்லை, முக்கால் மணித்தியாலம் போதும். கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். ஆகஸ்டில் பத்து மணிக்குமேல் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று கடுமை. கூடார முளைகளை ஆழமாக அடியுங்கள். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். வரைபடப் பயிற்சி வைத்தால் முதலில் திசையைப் பழக்குங்கள். அன்று நான் ஒழுங்காகப் பழக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜோயலுக்கு அந்த வில்லையை நான் கொடுக்கவில்லை. வடக்குப் பிழை. ஒரு மாதம் அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் உம்மென்று நின்றான். அந்தக் கோபத்தைப் பார்ப்பதற்காகவே நான் மண்டபத்துக்கு நேரத்தோடு போனேன்.